கபாபிளாங்காவை வென்ற சுல்தான் கான்

செஸ் என்றாலே நம் வீடுகளில் இரண்டு குரல்கள் எழும். சூதும் இல்லாமல், தொழுகையும் தவறாமல் ஆடினால் மக்ரூஹ் என்பது ஷாஃபிஈ மத்ஹபில் பிரபலமான கருத்து. ஹனஃபி உலமாக்கள் இன்னும் கண்டிப்பானவர்கள். அந்தச் சட்டத்தை இன்னொரு நாள் பேசுவோம். இன்று மீர் சுல்தான் கான் என்ற மனிதரைப் பற்றி மட்டும்.

இன்றைய பாகிஸ்தான் பஞ்சாபில் உள்ள மித்தா திவானா அவருடைய ஊர். ஒன்பது வயதில் தந்தை மியான் நிஜாமுத்தீனிடம் நாட்டுச் சதுரங்கம் கற்றார். அதில் சிப்பாய் முதல் நகர்வில் இரண்டு கட்டம் பாயாது. ராஜாவும் யானையும் இடம் மாறும் கோட்டை கட்டுதலும் கிடையாது. பெரும் நிலக்கிழார் சர் உமர் ஹயாத் கான் அவருடைய திறமையைக் கண்டு ஆதரித்தார். 1928இல் அகில இந்திய சாம்பியன் ஆனார். 1929இல் உமர் ஹயாத் கானுடன் லண்டன் சென்றார். ஐரோப்பிய விதிகளில் அதிகம் பழகாத நிலையிலேயே அதே ஆண்டு பிரிட்டிஷ் சாம்பியன் பட்டத்தை வென்றார்! 1932, 1933 ஆண்டுகளிலும் அவரே வென்றார். 1933இல் பெண்கள் பட்டத்தை வென்ற ஃபாத்திமாவும் அதே உமர் ஹயாத் கான் இல்லத்தைச் சேர்ந்தவர்தான். இதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அவர் பெயரை நிலைநிறுத்தியது 1930 – 31 ஹேஸ்டிங்ஸ் போட்டி. எதிரே கியூபாவின் கபாபிளாங்கா. முன்னாள் உலக சாம்பியன். 1916 முதல் 1924 வரை எட்டு ஆண்டுகள் தோல்வியே காணாதவர். சுல்தான் கானுக்கு வெள்ளைக் காய்கள். கபாபிளாங்கா எடுத்த தற்காப்புக்குப் பெயர் 'குயின்ஸ் இந்தியன்'. இந்தியாவின் பெயர் தாங்கிய தற்காப்பு, எதிரில் ஓர் இந்தியர்! தொடக்க ஆட்டத்தைப் புத்தகம் வைத்துப் படித்துத் தேறியவர் அல்லர் சுல்தான் கான். அதில் அவர் தடுமாறுவது வழக்கம். நடு ஆட்டத்திலும் இறுதி ஆட்டத்திலும்தான் அவருடைய பலம். இந்த ஆட்டத்திலும் அவசரப்படாமல் நெருக்கி, 65ஆவது நகர்வில் வென்றார்.

1933 இறுதியில் ஊர் திரும்பியவர் அதன்பின் ஐரோப்பாவில் ஆடவில்லை. ஆங்கில எழுத்தாளர்கள் பலர் அவரை எழுதப் படிக்கத் தெரியாத வேலைக்காரர் என்றே எழுதினார்கள். குடும்பத்தார் இதை மறுக்கிறார்கள். வீட்டாரின் சாட்சியத்துக்கு உரிய இடம் தர வேண்டும் என்பதே நம் கருத்து.

1950இல் உலக செஸ் கூட்டமைப்பு கிராண்ட்மாஸ்டர் பட்டங்களை வழங்கத் தொடங்கியபோது அவருக்குக் கிடைக்கவில்லை. 1966இல் சர்கோதாவில் வஃபாத்தானார். கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் 2024 பிப்ரவரியில்தான் வந்தது, 58 ஆண்டுகள் கழித்து.

தம் பிள்ளைகளுக்கு அவர் செஸ் கற்றுக்கொடுக்க விரும்பவில்லை. இதைவிடப் பயனுள்ள எதையாவது செய்யுங்கள் என்று சொல்லிவிட்டாராம்.