வால்ட் டிஸ்னியும் தொடர்வண்டிகளும்

வால்ட்டர் எலியாஸ் டிஸ்னி (டிசம்பர் 5, 1901 – டிசம்பர் 15, 1966) அமெரிக்கத் திரைப்படத் தயாரிப்பாளரும் இயங்குபடத் துறையின் முன்னோடிகளுள் ஒருவரும் ஆவார். மிக்கி மவுஸ் பாத்திரத்தின் வாயிலாகவும், ஸ்னோ ஒயிட் முதலிய முழுநீள இயங்குபடங்களின் வாயிலாகவும் உலகெங்கும் அறியப்பட்டவர். இவர் தம் வாழ்நாள் முழுதும் நீராவித் தொடர்வண்டிகள் மீது தீராத ஈடுபாடு கொண்டிருந்தார் என்பது பலரும் அறியாத செய்தி. வீட்டுத் தோட்டத்தில் ஒரு சிறு இருப்புப்பாதையை அமைத்த அவர், பின்னர் டிஸ்னிலாந்து கேளிக்கைப் பூங்காவைச் சுற்றி ஒரு பெரிய பாதையை அமைத்தார். பூங்காவின் எல்லைக்கோடாக விளங்கிய அப்பாதை, பூங்கா வளர்ந்தபோது கட்டுமானப் பணிகளுக்காக 2016 முதல் 2017 வரை மூடப்பட்டது. டிஸ்னியின் வாழ்க்கையை அவருடைய தொடர்வண்டிகளின் வழியே இக்கட்டுரை விவரிக்கிறது.

பிறப்பும் இளமையும்

டிஸ்னி சிகாகோ நகரில் எலியாஸ் டிஸ்னி, புளோரா இணையரின் நான்காவது மகனாகப் பிறந்தார். தந்தை கனடாவில் பிறந்தவர்; ஐரிய வழியினர். குடும்பப் பெயர் பிரான்சு நாட்டின் நார்மண்டிப் பகுதியிலுள்ள இசினி என்னும் ஊரின் பெயரிலிருந்து வந்ததாகக் கூறப்படுகிறது.

1906இல் இக்குடும்பம் மிசௌரி மாநிலத்தின் மார்சலின் என்ற சிற்றூரில் ஒரு பண்ணையில் குடியேறியது. 1880களின் இறுதியில் சான்டா ஃபே இருப்புப்பாதை நிறுவனத்தின் தேவைக்காகவே தோன்றிய ஊர் அது. ஊரின் நடுவே அந்நிறுவனத்தின் பாதை சென்றது. டிஸ்னியின் உறவினரான மைக் மார்ட்டின் அதே பாதையில் எஞ்சின் ஓட்டுநராகப் பணிபுரிந்தார். மாமா ஓட்டி வரும் வண்டிக்காகத் தண்டவாளத்தின் அருகே காத்திருந்த சிறுவனின் நினைவுகள் பிற்காலத்தில் டிஸ்னியின் பல முடிவுகளில் வெளிப்பட்டன. மார்சலினில் அவர் வாழ்ந்தது ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள்தாம். எனினும் தாம் பிறந்த சிகாகோவைக் காட்டிலும் இவ்வூரையே அவர் சொந்த ஊராகக் கருதினார்.

1911இல் குடும்பம் கான்சாஸ் நகருக்குப் பெயர்ந்தது. அங்கே டிஸ்னி விடியற்காலையில் செய்தித்தாள் போட்டுவிட்டுப் பள்ளிக்குச் சென்றார். 1917ஆம் ஆண்டின் கோடையில் தொடர்வண்டிகளில் செய்தித்தாள், மிட்டாய், பழம், குளிர்பானம் ஆகியவற்றை விற்கும் வேலையில் சேர்ந்தார். வணிகம் என்ற வகையில் இது தோல்வியே. பழங்கள் அழுகின, காலிப் புட்டிகள் தொலைந்தன, கையிருப்பு கரைந்தது. ஆனால் எஞ்சின் ஓட்டுநருக்கும் கரி தள்ளுபவருக்கும் சுருட்டும் புகையிலையும் கொடுத்து, எஞ்சினில் அவர்களோடு அமர்ந்து செல்லும் வாய்ப்பைச் சிறுவன் பெற்றான். விற்பனையில் இழந்த பணத்தை அவர் பெரிய இழப்பாகக் கருதியதாகத் தெரியவில்லை.

முதல் உலகப் போரின் இறுதியில், பிறந்த ஆண்டை மாற்றிக் காட்டிச் செஞ்சிலுவைச் சங்கத்தின் ஆம்புலன்ஸ் பிரிவில் சேர்ந்தார். போர் ஓய்ந்த பின்னரே பிரான்சை அடைந்த அவர், 1919இல் நாடு திரும்பினார்.

திரைத்துறையில்

கான்சாஸ் நகரில் விளம்பர ஓவியராகப் பணியாற்றியபோது அப் ஐவர்க்ஸ் என்ற ஓவியரின் நட்பு கிடைத்தது. இங்கு டிஸ்னி தொடங்கிய லாஃப்-ஓ-கிராம் என்ற படநிறுவனம் 1923இல் நொடித்துப்போனது. தம் ஒளிப்படக் கருவியை விற்றுப் பயணச்சீட்டு வாங்கி, தொடர்வண்டியில் ஹாலிவுட் சென்றார். அவ்வாண்டு அக்டோபரில் அண்ணன் ராயுடன் சேர்ந்து புதிய நிறுவனத்தைத் தொடங்கினார். 1925இல் அந்நிறுவனத்தில் பணிபுரிந்த லில்லியன் பவுண்ட்ஸ் என்பவரை மணந்தார்.

1928இல் ஆஸ்வால்ட் என்ற முயல் பாத்திரத்தின் உரிமையை நியூயார்க்கில் விநியோகத்தரிடம் இழந்தார். அங்கிருந்து தொடர்வண்டியில் திரும்பும் வழியில்தான் மிக்கி மவுஸ் உருவானதாக டிஸ்னி பிற்காலத்தில் கூறிவந்தார். இக்கதையை ஆய்வாளர்கள் முழுமையாக ஏற்பதில்லை. மிக்கியின் உருவத்தை வரைந்து இறுதி செய்தவர் ஐவர்க்ஸ் என்பது குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டு நவம்பர் 18இல் வெளியான ஸ்டீம்போட் வில்லி ஒலியுடன் கூடிய இயங்குபடமாகப் பெரும் வெற்றி பெற்றது. 1937இல் ஸ்னோ ஒயிட் வெளியானது. டிஸ்னியின் திரைப்பணி பற்றி வேறு பல நூல்கள் விரிவாகப் பேசுவதால் இங்கே சுருக்கமாகக் கூறப்பட்டுள்ளது.

1941இல் டிஸ்னி படப்பிடிப்பகத்தின் ஓவியர்கள் ஊதியத்துக்காகவும் சங்க உரிமைக்காகவும் வேலைநிறுத்தம் செய்தனர். இது அவரை ஆழமாகப் பாதித்தது. தொடர்ந்து வந்த போர்க்காலத்தில் வெளிநாட்டு வருவாய் குறைந்து நிறுவனம் கடனில் சிக்கியது. உடலும் மனமும் சோர்ந்திருந்த டிஸ்னிக்கு ஏதேனும் ஒரு பொழுதுபோக்கு தேவை என்று மருத்துவர்கள் அறிவுறுத்தினர்.

தோட்டத்துத் தொடர்வண்டி

அவருடைய படப்பிடிப்பகத்திலேயே தொடர்வண்டிப் பித்தர்கள் இருவர் இருந்தனர். வார்ட் கிம்பல் என்ற ஓவியர் தம் வீட்டுக் கொல்லையில் முழு அளவு நீராவி எஞ்சின் ஒன்றை நிறுத்தி ஓட்டிவந்தார். ஆலி ஜான்ஸ்டன் என்ற மற்றோர் ஓவியர் சிற்றளவுத் தொடர்வண்டியை அமைத்திருந்தார். 1948 ஆகத்தில் கிம்பலுடன் சிகாகோ இருப்புப்பாதைக் கண்காட்சிக்குச் சென்ற டிஸ்னி, பழைய எஞ்சின்களை நெருங்கிக் கண்டு மகிழ்ந்தார். பின்னர் இருவரும் டியர்பார்ன் நகரில் ஹென்றி ஃபோர்டு அமைத்திருந்த அருங்காட்சியகச் சிற்றூரையும் பார்த்தனர். ஊர் திரும்பிய சில நாட்களில் ஒரு பூங்கா பற்றிய குறிப்பை டிஸ்னி எழுதினார். ஊர்ச் சதுக்கம், தொடர்வண்டி நிலையம், கடைவீதி ஆகியவை அதில் இடம்பெற்றன. டிஸ்னிலாந்தின் விதை இக்குறிப்பே எனலாம்.

1949இல் லாஸ் ஏஞ்சலசின் கேரல்வுட் சாலையில் வாங்கிய நிலத்தில் புதிய வீட்டோடு ஓர் இருப்புப்பாதையும் திட்டமிடப்பட்டது. கேரல்வுட் பசிபிக் எனப் பெயரிடப்பட்ட அப்பாதையின் அகலம் 7¼ அங்குலம் (184 மி.மீ.), நீளம் ஏறத்தாழ 800 மீட்டர். மனைவியின் பூந்தோட்டத்தைக் கெடுக்காமல் அதன் அடியில் சுமார் 90 அடி நீளத்துக்குச் சுரங்கம் வெட்டப்பட்டது. உள்ளே நுழைபவருக்கு மறுமுனை தெரியாதவாறு அது வளைவாக அமைக்கப்பட்டது. நேராக வெட்டினால் செலவு குறையும் என்பது வெளிப்படை. ஆனால் இருளுக்குள் செல்லும் வியப்பு போய்விடும். நிலத்தின் வழியே வண்டி ஓட்டும் உரிமைக்காகக் குடும்பத்தாருடன் சட்ட மொழியில் ஓர் ஒப்பந்தமும் எழுதிக்கொண்டார்.

எஞ்சின், எட்டில் ஒரு பங்கு அளவில், சென்ட்ரல் பசிபிக் நிறுவனத்தின் 173ஆம் எண் எஞ்சினை முன்மாதிரியாகக் கொண்டு படப்பிடிப்பகத்தின் பட்டறையில் ரோஜர் பிராகியின் மேற்பார்வையில் கட்டப்பட்டது. மனைவியின் பெயரால் லில்லி பெல் என அழைக்கப்பட்ட இது, நிலக்கரியை எரித்து உண்மையாகவே நீராவியில் ஓடியது. நிறுவனத்தின் முதலாளி பட்டறையில் தம் ஊழியர்களிடமே தகட்டு வேலையும் மரவேலையும் கற்றுக்கொண்டார். கடைசிப் பெட்டியின் மரப்பகுதிகளையும், அதனுள் வைக்கும் மிகச்சிறிய அறைகலன்களையும் தாமே செய்தார். 1950 முதல் வார இறுதிகளில் விருந்தினர் பெட்டிகளின் மேல் கால்களை விரித்து அமர்ந்து சவாரி செய்தனர்.

1953இல் விருந்தினர் ஒருவர் எஞ்சினை வளைவில் விரைவாக ஓட்டியதால் வண்டி தடம்புரண்டது. வெளியேறிய நீராவி பட்டு ஒரு சிறுமிக்குக் காயம் ஏற்பட்டது. டிஸ்னி உடனே பாதையை மூடிவிட்டார். அது மீண்டும் திறக்கப்படவில்லை. அவர் பயன்படுத்திய பட்டறைக் கொட்டகை மட்டும் பின்னர் பெயர்த்தெடுக்கப்பட்டு, 1999இல் லாஸ் ஏஞ்சலசின் கிரிஃபித் பூங்காவில் காட்சிக்கு வைக்கப்பட்டது.

டிஸ்னிலாந்து இருப்புப்பாதை

தோட்டத்துப் பாதை மூடப்பட்ட அதே 1953இன் செப்டம்பரில், புதிய பூங்காவுக்கு நிதி திரட்டுவதற்காக ஹெர்ப் ரைமன் என்ற ஓவியர் ஒரே வார இறுதியில் ஒரு பெரிய வரைபடத்தை வரைந்தார். அதில் பூங்காவைச் சுற்றித் தொடர்வண்டிப் பாதை காணப்படுகிறது. பூங்காவுக்குள் என்னென்ன அமையும் என்பது பலமுறை மாறியது. சுற்றிவரும் தொடர்வண்டி மட்டும் மாறவில்லை.

அனகைம் நகரின் ஆரஞ்சுத் தோப்புகளுக்கிடையே சுமார் 160 ஏக்கர் நிலம் வாங்கப்பட்டு, 1954 சூலையில் பணி தொடங்கியது. பூங்காவைச் சுற்றி உயர்ந்த மண்கரை எழுப்பப்பட்டு, அதையொட்டித் தண்டவாளம் போடப்பட்டது. வெளியிலுள்ள சாலைகளும் கட்டடங்களும் உள்ளிருப்பவர் கண்ணில் படாதவாறு கரை மறைத்தது. நம் ஊர்க் கோயில்களின் திருமதிலைப் போன்று, உள்ளும் புறமும் வேறு வேறு உலகம் என்ற உணர்வை இந்த அமைப்பு தந்தது.

பாதையின் அகலம் 3 அடி (914 மி.மீ.). நீலகிரி மலைத் தொடர்வண்டியின் மீட்டர் பாதையை விட இது சற்றே குறுகியது. முதலிரு எஞ்சின்களும் லில்லி பெல்லின் வரைபடங்களைப் பெரிதாக்கிக் கட்டப்பட்டன. சான்டா ஃபே நிறுவனம் தன் பெயரைத் தந்து ஆதரவளித்ததால், எஞ்சின்களுக்கு அந்நிறுவனத் தலைவர்களின் பெயர்களே சூட்டப்பட்டன: சி. கே. ஹாலிடே, இ. பி. ரிப்ளி. 1955 சூலை 17 அன்று தொடக்க விழாவில் டிஸ்னியே எஞ்சினில் நின்று வந்தார். மார்சலின் சிறுவன் தண்டவாளத்தருகே நின்று பார்த்த அதே நிறுவனத்தின் பெயர் அவ்வண்டியில் எழுதப்பட்டிருந்தது. தொடக்கத்தில் ஒரு வண்டி சரக்கு வண்டியைப் போல் அமைந்திருந்தது. அதன் கால்நடைப் பெட்டிகளில் பயணிகள் நின்றுகொண்டு சென்றனர்!

கூட்டம் பெருகவே, பால்டுவின் நிறுவனம் முறையே 1894, 1925 ஆண்டுகளில் கட்டிய இரு பழைய எஞ்சின்கள் வாங்கிப் புதுப்பிக்கப்பட்டு, 1958, 1959 ஆண்டுகளில் சேர்க்கப்பட்டன. 2005இல் சேர்ந்த ஐந்தாவது எஞ்சினுக்கு வார்ட் கிம்பலின் பெயர் இடப்பட்டது.

இப்பாதை பூங்காவின் உடைமையாக இருக்கவில்லை என்பது பலருக்கும் வியப்பளிக்கும். டிஸ்னி தம் குடும்ப நிறுவனத்தின் பெயரிலேயே அதை வைத்திருந்தார். வால்ட்டர் என்ற ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் போட்டால் வரும் ரெட்லா என்பது அந்நிறுவனத்தின் பிற்காலப் பெயர். 1980களின் தொடக்கத்தில்தான் பாதை படநிறுவனத்துக்கு விற்கப்பட்டது.

மறைவு

1966 டிசம்பர் 15 அன்று, படப்பிடிப்பகத்துக்கு எதிரே இருந்த மருத்துவமனையில், நுரையீரல் புற்றுநோயால் டிஸ்னி காலமானார். அவர் நெடுங்காலம் புகைபிடிக்கும் பழக்கம் உடையவராக இருந்தார். அவருடைய உடல் உறைநிலையில் பாதுகாக்கப்படுவதாக உலவும் செய்தி உண்மையன்று, உடல் எரியூட்டப்பட்டது.

புளோரிடாவில் அவர் திட்டமிட்டிருந்த இரண்டாவது பூங்கா 1971 அக்டோபரில் திறக்கப்பட்டது. மெக்சிகோவின் யுகட்டான் பகுதியில் ஓடிய நான்கு பழைய எஞ்சின்களை பிராகி தேடிப் பிடித்து வாங்கிவந்து புதுப்பித்திருந்தார். அவற்றுள் ஒன்றுக்கு டிஸ்னியின் பெயரும், மற்றொன்றுக்கு லில்லி பெல் என்ற பெயரும் வைக்கப்பட்டன.

பாதை மூடப்பட்ட ஆண்டுகள்

பூங்காவை முழுதாகச் சுற்றிவரும் பாதையில் ஒரு சிக்கல் உண்டு. பூங்கா வளர வேண்டுமெனில் பாதையைக் கடந்தே வளர வேண்டும். டிஸ்னியின் காலத்திலேயே இது உணரப்பட்டது. 1967இல் திறக்கப்பட்ட கரீபியக் கடற்கொள்ளையர் காட்சியின் பெரும்பகுதி பாதைக்கு அப்பால் உள்ளது. படகுகள் தண்டவாளத்தின் அடியில் புகுந்து செல்கின்றன. 1969இல் திறக்கப்பட்ட பேய் மாளிகையில் சுவர்கள் நீள்வது போல் தோன்றும் அறை உண்மையில் ஒரு மின்தூக்கி. பார்வையாளரைத் தண்டவாளத்தின் கீழே இறக்கி மறுபுறம் கொண்டுசெல்வதே அதன் பணி. மேலே வண்டி ஓடிக்கொண்டிருப்பதை உள்ளிருப்போர் உணர்வதில்லை.

2015இல் ஸ்டார் வார்ஸ் திரைப்படங்களைக் கருவாகக் கொண்ட 14 ஏக்கர் பகுதி ஒன்று அறிவிக்கப்பட்டபோது இவ்வழி போதவில்லை. பூங்காவின் வடபகுதியிலிருந்த செயற்கை ஆற்றைச் சுருக்கி, அதையொட்டிய தண்டவாளத்தையும் உள்நோக்கித் தள்ள வேண்டியிருந்தது. 2016 சனவரி 11 முதல் தொடர்வண்டி நிறுத்தப்பட்டது. மீட்டர் பாதை அகலப்பாதையாக மாறுவதற்காக வழித்தடங்கள் ஆண்டுக்கணக்கில் மூடப்படுவதைக் கண்ட நமக்கு ஓராண்டு, ஈராண்டு பெரிதாகத் தோன்றாது. ஆனால் டிஸ்னி தம் கையால் ஓட்டிய வண்டியின் தடம் அழிகிறது என்ற கவலை ஆர்வலரிடையே இருந்தது. அது பொருளற்ற கவலை என்று சொல்லிவிட முடியாது.

2017 சூலை 29 அன்று பாதை மீண்டும் திறக்கப்பட்டது. ஆற்றின் கரையோரம் புதிய பாலத்தின் மீது வண்டி சென்றது. அதுவரை கடிகாரச் சுற்றில் வலப்பக்கம் மட்டுமே திரும்பிவந்த வண்டி, புதிய தடத்தில் முதன்முறையாக இடப்பக்கம் திரும்பியது. பழைய எஞ்சின்களே தொடர்ந்து ஓடின. ஸ்டார் வார்ஸ் பகுதி 2019 மே 31 அன்று திறக்கப்பட்டது.

புளோரிடாவிலும் இதுவே நிகழ்ந்தது. டிரான் என்ற அதிவேகச் சுழல் சவாரியைக் கட்டுவதற்காக 2018 டிசம்பரில் அங்குள்ள தொடர்வண்டி நிறுத்தப்பட்டது. இடையில் பெருந்தொற்றுக் காலமும் வந்து சேர்ந்ததால் நான்கு ஆண்டுகள் கடந்தன. 2022 டிசம்பர் 23 அன்று அது மீண்டும் ஓடத் தொடங்கியது. சவாரி 2023 ஏப்ரலில் திறக்கப்பட்டது. அவ்விடத்தில் தண்டவாளம் இப்போது ஒரு சுரங்கத்தின் வழியே செல்கிறது.