கயிறு அறுந்தாலும் லிஃப்ட் விழாதது ஏன்? உங்கள் வீட்டு லிஃப்ட்டுக்குள் ஒளிந்திருக்கும் எலிஷா ஓடிஸின் கதை!

சொந்த வீட்டுக்கு லிஃப்ட் வைக்க வேண்டும் என்று விசாரிக்கப் போனால் முதலில் என்ன காட்டுவார்கள்? கண்ணாடிக் கதவு, தங்க நிற பட்டன், உள்ளே எரியும் லைட், தரையில் மார்பிளா கிரானைட்டா என்ற கேட்லாக். ஆனால் அம்மாவையோ தாத்தாவையோ அந்தப் பெட்டிக்குள் நம்பி ஏற்றுவதற்குக் காரணமான பொருள் எந்த கேட்லாக் அட்டையிலும் பளிச்சென்று தெரியாது. கயிறு அறுந்தாலோ வேகம் எகிறினாலோ பெட்டியைத் தண்டவாளத்தோடு கவ்விப் பிடிக்கும் பிரேக்தான் அது.

அந்த பிரேக்கின் மூல வடிவத்தை உருவாக்கியவர் எலிஷா கிரேவ்ஸ் ஓடிஸ். லிஃப்ட் கதவருகே நீங்கள் அடிக்கடி பார்க்கும் அதே பெயர்தான். லிஃப்ட்டைக் கண்டுபிடித்தவர் என்று பலரும் இவரைச் சொல்வார்கள். அது சரியல்ல. கயிறும் கப்பியும் வைத்து ஆளையும் சரக்கையும் மேலே ஏற்றுவது அவருக்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பிருந்தே உண்டு. விழாமல் நிறுத்துவதுதான் இவர் செய்தது.

தொட்டதெல்லாம் கைவிட்ட காலம்

1811 ஆகஸ்ட் 3. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஹாலிஃபேக்ஸ் என்ற ஊரில், விவசாயக் குடும்பத்தில் கடைக்குட்டியாகப் பிறந்தார் ஓடிஸ். இருபது வயதை ஒட்டி வீட்டை விட்டுக் கிளம்பி நியூயார்க் மாநிலத்தின் ட்ராய் நகரில் வண்டி ஓட்டினார். 1834-ல் திருமணம். அதன் பிறகு நிமோனியா வந்து சாகக் கிடந்து பிழைத்தார்.

ஊர்ப்பக்கம் திரும்பி ஆற்றோரம் ஒரு மாவு மில் கட்டினார். ஓடவில்லை. அதையே மரம் அறுக்கும் மில்லாக மாற்றினார். அதற்கும் ஆள் வரவில்லை. பிறகு குதிரை வண்டிகள் செய்து விற்றார். இதற்கிடையில் மனைவி இறந்துபோனார். கையில் சார்லஸ், நார்ட்டன் என்று இரண்டு சின்னப் பையன்கள்.

அல்பனி நகருக்கு இடம்பெயர்ந்து, இரண்டாவது திருமணம் செய்துகொண்டு, கட்டில் தொழிற்சாலை ஒன்றில் மெக்கானிக்காகச் சேர்ந்தார். அங்கேதான் அவர் கை பேச ஆரம்பித்தது. கட்டிலுக்கான சட்டங்களைக் கையால் கடைவதை விடப் பல மடங்கு வேகமாகக் கடையும் இயந்திரம் ஒன்றைச் செய்து கொடுத்தார். அதில் கிடைத்த பணத்தில் சொந்தப் பட்டறையும் போட்டார். பட்டறை இயந்திரங்கள் ஓடை நீரின் விசையில் சுழன்றன. அந்த ஓடையை நகரின் குடிநீருக்காகத் திருப்பிவிட்டார்கள். பட்டறை படுத்துவிட்டது! அந்த நாற்பது வயது மனிதரின் கணக்கில் அதுவரை வரவு குறைவு, இழப்புதான் அதிகம்.

வில்வண்டியின் வில்

1852. நியூயார்க் நகருக்கு வடக்கே யாங்கர்ஸ் என்ற ஊரில், கைவிடப்பட்ட ஒரு மர மில்லைக் கட்டில் தொழிற்சாலையாக மாற்றும் வேலை ஓடிஸிடம் வந்தது. கனமான சாமான்களை மேல் தளத்துக்கு ஏற்ற வேண்டும். அன்றைய சரக்குத் தூக்கிகளின் நிலைமை தெரியுமில்லையா? சணல் கயிறு எப்போது அறும் என்று யாருக்கும் தெரியாது. அறுந்தால் மேடை நேரே தரைக்கு வந்துவிடும். மேலே நின்ற தொழிலாளி பிழைப்பது அவர் அதிர்ஷ்டம்.

ஓடிஸுக்குத் தெரிந்த தொழில் வண்டி. அதனால் அவர் எடுத்தது வண்டிக்கு அடியில் இருக்கும் வளைந்த இரும்பு வில். நம் ஊர் வில்வண்டியில் இருக்குமே, லாரிக்கு அடியில் பட்டை பட்டையாகத் தெரியுமே, அதே வகை.

மேடைக்கு மேலே அந்த வில்லைப் பொருத்தி, தூக்கும் கயிற்றை நேராக அதன் நடுவில் கட்டினார். மேடையின் எடை கயிற்றை இழுக்கும்போது வில் வளைந்து நிற்கும், அதன் இரு முனைகளும் உள்ளே ஒடுங்கியிருக்கும். இரண்டு பக்கமும் மேடை ஏறி இறங்கும் தூண்களில் ரம்பம் போலப் பற்கள். கயிறு அறுந்தால் என்ன ஆகும்? இழுவை போய்விடும். வில் சட்டென்று நிமிரும். முனைகள் வெளியே பாய்ந்து பற்களில் மாட்டிக்கொள்ளும். மேடை நின்ற இடத்திலேயே நின்றுவிடும்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. யாரும் ஓடிவந்து பிரேக்கைப் பிடிக்க வேண்டியதில்லை. கயிறு நன்றாக இருக்கும்வரை பிரேக்கைத் திறந்து வைத்திருப்பதே அந்தக் கயிறுதான். கயிறு போனால் பிரேக் தானாக விழும். இன்றைய லிஃப்ட்டில் வில்லும் ரம்பப் பல்லும் இல்லை. பெட்டி அளவுக்கு மீறி வேகம் எடுத்தால் கவர்னர் என்ற கருவி அதை உணர்ந்து, ஆப்பு போன்ற இரும்புத் துண்டுகளை வழித்தண்டவாளத்தில் இறுக வைக்கிறது. ஆனால் கோளாறு வந்தால் தானாக நிற்க வேண்டும் என்ற யோசனை அதேதான்.

வேடிக்கை என்னவென்றால், இது பெரிய சங்கதி என்று ஓடிஸே முதலில் நினைக்கவில்லை. காப்புரிமைகூட உடனே கேட்கவில்லை. கட்டில் தொழில் சரிந்தபோது, தங்கம் தேடி கலிஃபோர்னியா போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் நியூயார்க்கின் ஃபர்னிச்சர் தயாரிப்பாளர் ஒருவர் இரண்டு சரக்கு லிஃப்ட் கேட்டு வந்தார். கலிஃபோர்னியா பயணம் ரத்து. 1853-ல் லிஃப்ட் தொழில் தொடங்கியது.

கயிற்றை வெட்டச் சொன்ன மனிதர்

தொடங்கியது சரி, வாங்க ஆள் வேண்டுமே? 1854-ல் நியூயார்க் கிரிஸ்டல் பேலஸ் கண்காட்சியில் தன் மேடையை நிறுவினார். கூட்டம் கீழே நிற்க, உயரத்தில் அவரே ஏறி நின்றுகொண்டார். தன்னைத் தாங்கியிருந்த கயிற்றை வெட்டச் சொன்னார். வெட்டினார்கள். மேடை சில அங்குலம் இறங்கி, நின்றுவிட்டது. எத்தனை துண்டுப் பிரசுரம் அடித்தாலும் கிடைக்காத விளம்பரம் அது.

1857 மார்ச் 23-ல் பிராட்வேயில் ஹாவட் என்ற ஐந்து மாடிக் கடையில் மக்கள் ஏறிச் செல்லும் ஓடிஸ் லிஃப்ட் ஓடத் தொடங்கியது. பீங்கானும் கண்ணாடிப் பொருட்களும் விற்ற கடை அது. நீராவியில் இயங்கிய அந்த லிஃப்ட்டின் வேகம் நிமிடத்துக்கு 40 அடி. ரொம்ப மெதுவா? இன்றைக்கும் அமெரிக்காவில் தனி வீட்டு லிஃப்ட்டுக்கு விதிமுறை அனுமதிக்கும் உச்ச வேகம் அதே 40 அடிதான்.

லிஃப்ட்டின் மேம்பட்ட வடிவத்துக்கான காப்புரிமை 1861 ஜனவரி 15-ல் ஓடிஸுக்குக் கிடைத்தது. மூன்று மாதம்கூட ஆகவில்லை, ஏப்ரல் 8-ல் தொண்டை அடைப்பான் நோயில் இறந்துபோனார். வயது 49. நான்கே நாளில் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியது. அவர் விட்டுப்போனது ஒரு சின்னப் பட்டறையையும் தொழில் தெரிந்த இரண்டு மகன்களையும்தான். தாயில்லாமல் வளர்ந்த அந்தப் பையன்கள்தான் நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தினார்கள். 1889-ல் ஈஃபிள் கோபுரத்தில் ஓடிஸ் லிஃப்ட் ஏறியது. 1892-ல் கொல்கத்தாவில், வைஸ்ராய் குடியிருந்த மாளிகைக்கு வந்தது. இந்தியாவின் முதல் லிஃப்ட் என்று சொல்லப்படும் அதுவும் ஒரு வகையில் வீட்டு லிஃப்ட்தானே!

சரி, நம்ம வீட்டுக்கு?

வீடு கட்டும்போதே லிஃப்ட்டுக்கான இடத்தை பிளானில் ஒதுக்குவது நல்லது. கீழே எவ்வளவு ஆழம் பிட் வேண்டும், மேலே எவ்வளவு ஹெட்ரூம் வேண்டும் என்பது லிஃப்ட் வகையைப் பொறுத்து மாறும். கயிற்றில் ஓடும் வகைக்குப் பொதுவாகக் கூடுதல் ஆழம் தேவை. ஹைட்ராலிக் வகைக்குக் குறைவு. எனவே வகையை முடிவு செய்யாமல் குழி தோண்டாதீர்கள். வீல்சேர் போக வேண்டும் என்றால் கதவு திறந்த பின் கிடைக்கும் வழி குறைந்தது 800 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும்.

கரண்ட் போனால் பக்கத்துத் தளத்துக்குக் கொண்டுபோய்க் கதவைத் திறக்கும் பேட்டரி வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். கயிற்று லிஃப்ட் என்றால் கவர்னரும் சேஃப்டி கியரும் எங்கே இருக்கின்றன என்று கேளுங்கள். ஹைட்ராலிக் என்றால் எண்ணெய்க் குழாய் வெடித்தால் அடைக்கும் வால்வு. நிறத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஓடிஸின் பிரேக் காப்பாற்ற முடியாத ஆபத்தும் ஒன்று உண்டு. வெளியே இழுத்துத் திறக்கும் கதவு, உள்ளே மடக்குக் கதவு என்று இருக்கும் வீட்டு லிஃப்ட்களில், இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் குழந்தை நின்றுவிடக்கூடும். வெளிக்கதவு மூடியதும் லிஃப்ட் கிளம்பிவிடும். அமெரிக்காவில் இப்படிக் குழந்தைகள் இறந்த பிறகு, அந்த இடைவெளி 4 அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று அந்நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்தது. லிஃப்ட் ஏற்கெனவே இருக்கிற வீடு என்றால், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு டேப் வைத்து அளந்து பாருங்கள். 4 அங்குலத்தைத் தாண்டினால், கதவின் உட்பக்கம் தடுப்புப் பலகை பொருத்திக் கொடுக்கச் சொல்லி, அதுவரை குழந்தைகளைத் தனியாக ஏற விடாதீர்கள்.