கைகூடாத சம்பந்தம்

அரண்மனைத் திருமணத்தில் மனப்பொருத்தம் பார்ப்பதில்லை. மண்ணையும் படையையுமே பார்ப்பர். உலகம் மகா பிரெடரிக் என்று போற்றும் பிரஷ்ய மன்னரின் வாழ்வே இதற்குச் சான்று.

1712ஆம் ஆண்டு ஜனவரி 24ஆம் நாள் பெர்லினில் பிறந்தார் பிரெடரிக். தந்தை முதலாம் பிரெடரிக் வில்லியமுக்குப் படையே உயிர். மகனுக்கோ புல்லாங்குழலும் பிரெஞ்சு நூல்களுமே இன்பம். தாய் சோபியா டொரோத்தியா, இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜார்ஜின் தங்கை. அண்ணன் மகள் அமீலியாவைத் தன் மகனுக்கு எடுத்து, தன் மகள் வில்ஹெல்மினாவை அண்ணன் மகனுக்குக் கொடுக்க அவர் விரும்பினார். நம் வழக்கில் சொன்னால், அமீலியா பிரெடரிக்கின் மாமன் மகள். பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் சம்பந்தம்!

வியன்னாவில் இருந்த பேரரசர் ஆறாம் சார்லசுக்கு இது கசந்தது. பிரஷ்யா இங்கிலாந்தின் பக்கம் சாய்ந்துவிட்டால் என்னாவது? அவருடைய தூதர் செக்கண்டார்ப், பிரஷ்ய அமைச்சர் கிரும்கோவைப் பணத்தால் வளைத்தார். 1730இல் லண்டனிலிருந்து சார்லஸ் ஹோத்தம் வந்து பேசினார். இரு திருமணங்களும் சேர்ந்தே நடக்கவேண்டும் என்றது லண்டன். மகளின் திருமணம் மட்டும் போதும் என்றார் மன்னர். பேச்சு முறிந்தது.

தந்தையின் அடியும் ஏச்சும் பொறுக்காமல், அவ்வாண்டு ஆகஸ்டில் தப்பியோட முயன்று பிடிபட்டார் பிரெடரிக். வயது பதினெட்டு; நம்மில் பலரைவிட இளையவர்! அவருக்குத் துணைநின்ற நண்பர் காட்டே, நவம்பர் 6ஆம் நாள் கியூஸ்ட்ரின் கோட்டையில் தலை வெட்டப்பட்டார். சிறையிருந்த இளவரசர் சன்னல் வழியே அவரைக் காணுமாறு செய்தனர். அதன்பின் எதிர்ப்பு ஏது?

ருஷ்யப் பேரரசியின் சகோதரி மகள் அன்னாவின் பெயரும் இடையே அடிபட்டது. முடிவில் பேரரசியாரின் உறவினரான பிரன்ஸ்விக் இளவரசி எலிசபெத் கிறிஸ்டினாவே மணமகளாக்கப்பட்டார். இங்கே ஒரு விந்தை! 1733இல் அரசியல் காற்று திசைமாற, இங்கிலாந்துப் பெண்ணையே எடுக்கலாம் என்றது வியன்னா. கொடுத்த வாக்கை மாற்ற மன்னர் மறுத்தார். ஜூன் 12ஆம் நாள் திருமணம் நடந்தது.

1740இல் அரியணை ஏறியதும் பிரெடரிக் மனைவியைப் பிரிந்து வாழ்ந்தார். குழந்தை இல்லை. தாம் கட்டிய சான்சூசி மாளிகைக்கு அவரை அழைக்கவும் இல்லை. மணமாகாமலே இருந்த அமீலியா 1786இல் மறைந்தார். பிரெடரிக் மறைந்ததும் அதே ஆண்டில்தான். எலிசபெத் கிறிஸ்டினா 1797வரை வாழ்ந்தார்.

தாம் பட்ட துன்பம் பிரெடரிக்குக்குப் பாடமானதா? இல்லை. தம் வாரிசான தம்பி மகனுக்கு 1765இல் அவரே ஒரு பிரன்ஸ்விக் பெண்ணை முடித்துவைத்தார். நான்கே ஆண்டில் அது மணமுறிவில் முடிந்தது.

சைலீசியாவை வென்ற பெருவீரர்தான். ஆனால் தம் முதுகில் விழுந்த பிரம்பைத் தம் கையில் எடுத்துக்கொண்டாரே தவிர, முறித்தெறியவில்லை. அமீலியாவை மணந்திருந்தால் ஐரோப்பாவின் வரலாறு மாறியிருக்குமோ என்று ஆராய்வோர் ஆராயட்டும். எலிசபெத் கிறிஸ்டினாவின் விருப்பத்தை எவரேனும் கேட்டிருந்தால் ஒரு பெண்ணின் வாழ்வேனும் மாறியிருக்குமே! வரலாற்றுப் பாடத்தில் ஒரு வரியும் பெறாத அந்த அரசியையும் நாம் நினைப்போமாக.