வில்லியம் ஆஸ்ட்பரி

மயிரும் தசையும் நாம் நாடோறும் காண்பனவே. ஆயினும் அவற்றின் உள்ளமைப்பு யாதென ஆராய்வோர் மிகச் சிலர். அவ்வாராய்ச்சிக்கே வாழ்நாளை ஒப்புவித்த வில்லியம் தாமஸ் ஆஸ்ட்பரி என்பாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

இங்கிலாந்து தேசத்தில் மட்பாண்டத் தொழிலுக்குப் பேர்போன ஸ்டோக் பகுதியைச் சார்ந்த லாங்டன் என்னும் ஊரில், மட்பாண்டத் தொழிலாளி ஒருவரின் மகனாக 1898-ஆம் ஆண்டு பிப்ரவரி 25-இல் ஆஸ்ட்பரி பிறந்தார். எளிய குடும்பமாதலால் உபகாரச் சம்பளம் பெற்றே பயின்று, கேம்பிரிட்ஜ் ஜீஸஸ் கல்லூரியை அடைந்தார். ஓராண்டு நிரம்புமுன் முதல் உலகப் போர் குறுக்கிட்டது. இராணுவ வைத்தியப் படையிற் சேர்ந்து எக்ஸ்-கதிர்ப் பணி புரிந்தார். பின்னாளில் புகழ் தேடித் தந்த கதிரோடு அன்றே அவருக்குத் தொடர்பு நேர்ந்தது நோக்கத்தக்கது.

போர் முடிந்தபின் பட்டம் பெற்று, 1921 முதல் லண்டனில் பேராசிரியர் வில்லியம் பிராக்கிடம் படிகங்களை ஆராய்ந்தார். 1926-இல் பிராக் தம் சொற்பொழிவொன்றிற்காக நார்ப்பொருள்களின் எக்ஸ்-கதிர்ப் படங்களை எடுத்துத் தருமாறு பணித்தார். அச்சிறு ஏவலே மாணாக்கரின் வாழ்வைத் திருப்பிவிட்டது. 1928-இல் கம்பளி நெசவிற் சிறந்த லீட்ஸ் நகரப் பல்கலைக்கழகத்தில் நெசவுப் பௌதிக விரிவுரையாளராக அமர்ந்தார்.

நாரொன்றின் ஊடே எக்ஸ்-கதிரைச் செலுத்தினால், ஒழுங்காக அடுக்கப்பெற்ற அணுக்கள் அக்கதிரைச் சிதறச் செய்யும். எதிரே வைத்த தகட்டில் புள்ளிகளும் வளைவுகளும் தோன்றும். அவற்றின் நிலையைக் கணித்து அணுக்களின் இடைவெளியை அறியலாம். இம்முறையால் ஆஸ்ட்பரி, கம்பளி மயிர் இயல்பாயிருக்கையில் ஒருவகைப் படத்தையும், ஈரத்துடன் நீட்டப்பெறுகையில் வேறொரு வகைப் படத்தையும் தருதலைக் கண்டார். முன்னதில் 5.1 ஆங்ஸ்ட்ரம் அளவான இடைவெளி அமைந்திருந்தது. மடிந்துகிடந்த புரதச் சங்கிலி நீட்டும்போது விரிகிறது என்று அவர் துணிந்தார்.

அடுத்துத் தசையை நாடினார். தசைநாரிலுள்ள மயோசின் என்னும் புரதமும் மயிரை ஒத்த படத்தையே தந்தது. ஸில்வியா டிக்கின்ஸன் என்பாருடன் சேர்ந்து இதனை 1940-இல் வெளியிட்டார். அவ்வாண்டிலேயே ராயல் சங்கத்தின் அங்கத்தினருமானார். மயிரும் தசையும் ஒரு குடும்பத்தன என்பது வியத்தற்குரிய உண்மையன்றோ!

ஆயின், தசை சுருங்குவதும் சங்கிலி மேலும் மடிதலாலேயே என்று அவர் கருதியது நிலைபெறவில்லை. ஹ்யூ ஹக்ஸ்லி என்பார் அதே எக்ஸ்-கதிரைத் தசையிற் செலுத்தி, தசையை நீட்டினும் நெடுக்கான இடைவெளிகள் மாறாமையைக் கண்டார். 1954-இல் அவரும் ஜீன் ஹான்ஸனும் ஒரு சாரார், ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் நீடர்கெர்க்கும் மற்றொரு சாரார், தசையின் இருவகை இழைகள் தம் நீளம் மாறாமல் ஒன்றன்மேலொன்று வழுக்கிச் செல்லுதலே சுருக்கம் எனக் காட்டினர். ஆஸ்ட்பரி திறந்த வழியே நடந்தோர் அவர் முடிபைத் திருத்தினர்.

1938-இல் புளோரன்ஸ் பெல் என்பாருடன் டி.என்.ஏ.யையும் அவர் படமெடுத்தார். எனினும் அதன் வடிவத்தை 1953-இல் பிறரே கண்டனர். 1961 ஜூன் 4-இல் ஆஸ்ட்பரி காலமானார்.

இறுதி முடிபு பிறர்க்கு வாய்த்ததனால் இவர் உழைப்பு வீணாயிற்றென்று எண்ணுதல் தவறாகும். தசையைக் கதிரால் வினவலாம் என்று காட்டியவருள் இவர் முன்னின்றார். விடை பின்வந்தோர்க்குக் கிட்டிற்று. ஆய்வுக்கூடத்திற் புகும் நம் மாணாக்கர், பிழைபடுதற்கு அஞ்சி வினவாதிருத்தலினும், வினவித் திருத்தப்பெறுதலே மேன்மை என்பதை இவர் வாழ்விலிருந்து உணர்வாராக.