ஆகாயத் தபாலும் தலைமன்னார்த் துறையும்

இரண்டு விமான நிலையங்களுக்கு இடையேயுள்ள தூரத்தை மைல்களில் கூறிவிடலாம். ஒரு கடிதம் சென்றடையும் காலத்தை அவ்வளவு எளிதாகக் கூறிவிட முடியாது. ஜே. ஆர். டி. டாட்டாவின் வரலாற்றை மன்னார்க் கரையிலிருந்து படிக்கும்போது எனக்கு முதலில் தோன்றுவது இதுவே.

1904இல் பாரிஸ் நகரில் பிறந்தவர் அவர். தந்தையார் பார்ஸி, தாயார் பிரெஞ்சு மாது. பிரான்ஸின் வடகரையில் கோடையைக் கழித்த அச்சிறுவனுக்கு, ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் முதன்முதற் கடந்த பிளேரியோ அயலவர். ஆகாய மோகம் அங்கேயே பற்றிக்கொண்டது. 1929இல் இந்தியாவில் வழங்கப்பட்ட முதலாவது விமானி அனுமதிப்பத்திரம் அவருக்கே கிடைத்தது.

இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தனித்துப் பறந்து முடிக்கும் முதல் இந்தியருக்கு ஆகாகான் பரிசு அறிவித்தார். 1930இல் டாட்டா கராச்சியிலிருந்து மேற்கே பறந்தார். ஆஸ்பி எஞ்சினியர் என்னும் இளைஞர் இங்கிலாந்திலிருந்து கிழக்கே வந்தார். எகிப்தின் அபூக்கிரில் இருவரும் சந்தித்தனர். ஆஸ்பிக்கு ஸ்பார்க் பிளக் தேவைப்பட்டது. தம்மிடம் உபரியாக இருந்தவற்றை டாட்டா எடுத்துக் கொடுத்தார். ஆஸ்பி முந்திக்கொண்டார்; பரிசும் அவருக்கே போயிற்று. டாட்டா பிற்காலத்தில் வென்ற எதனினும் இத்தோல்வியையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

1932 ஒக்டோபர் 15 அன்று காலை, இலண்டனிலிருந்து வந்த தபாலில் 55 இறாத்தலை ஏற்றிக்கொண்டு, புஸ் மோத் என்னும் ஒற்றை இயந்திர விமானத்தில் கராச்சியை விட்டுக் கிளம்பினார். அகமதாபாத்தில் எரிபொருள் மாட்டுவண்டியில் வந்து சேர்ந்தது! பிற்பகலில் பம்பாய் ஜுஹுவின் மண்தரையில் இறங்கினார். அப்பால் நெவில் வின்சென்ட் பொறுப்பேற்று, பல்லாரி வழியாகச் சென்னை சேர்ந்தார். இரவிற் பறக்க வசதி இல்லை. ஆகையால் பல்லாரியில் இராத் தங்கல். வழிநெடுக ஏறத்தாழ 1,300 மைல். இன்றைய ஜெட் விமானத்துக்கு மூன்று மணிநேர வேலை.

சென்னையோடு விமானத்தின் கடமை முடிந்தது. கொழும்புக்குரிய கடிதத்தின் பயணம் முடியவில்லை. போட் மெயில் அதனைத் தனுஷ்கோடிக்குக் கொண்டுவரும்; 22 மைற் கடலைக் கப்பலிற் கடந்து தலைமன்னார் இறங்குதுறையை அது அடையும்; மீண்டும் புகையிரதம். சென்னையில் ஒரு மணிநேரம் பிந்தி அன்றைய வண்டியைத் தவறவிட்டால், அந்த ஒரு மணி ஒரு முழு நாளாகிவிடும். விமானத்தின் வேகத்தைக் காட்டிலும் காலந்தவறாமையே பெரிதாயிருந்தது இதனாற்றான். மழைக்காலத்தில் ஜுஹு சேறாகிவிடும். அப்போதும் டாட்டாவின் தபால் நேரந்தவறாது சென்றது. முதலாண்டில் அவ்விமானங்கள் பறந்த தூரம் 160,000 மைல். சுமந்த தபால் பத்துத் தொன்னுக்கு மேல்.

1938இல் அச்சேவை கொழும்புவரை நீண்டது. கடிதங்கள் எங்கள் துறையை மிதியாமலே போகத் தொடங்கின.

பின்னர் 1948இல் பம்பாய்–இலண்டன் சேவை தொடங்கிற்று. 1953இல் நிறுவனம் அரசுடைமையாயிற்று. ஆயினும் 1978வரை ஏர் இந்தியாவின் தலைமை அவரிடமே இருந்தது. 1993இல் ஜெனீவாவிற் காலமானார். அதற்குப் பதினோராண்டு முன்னர், 1982 ஒக்டோபர் 15 அன்று, எழுபத்தெட்டு வயதில், கராச்சியிலிருந்து பம்பாய்க்கு மீண்டும் தனியே பறந்து காட்டினார். 1964ஆம் ஆண்டுப் புயலில் தனுஷ்கோடி அழிந்தபின், அந்நாளில் இராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் வந்துகொண்டுதான் இருந்தது. இரண்டாண்டு கழித்து அதுவும் நின்றது.