தியாகதுருகம் வந்த திப்பு சுல்தான்

கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்தில் இருக்கிறது தியாகதுருகம். ஊரை ஒட்டி ஒரு குன்று. குன்றின்மேல் பழைய கோட்டை. மேற்கே கல்வராயன் மலை.

1790-ம் ஆண்டின் கடைசியில் இந்தக் கோட்டையை ஒரு பெரும்படை சூழ்ந்தது. படையை நடத்தி வந்தவர் மைசூர்ப் புலி திப்பு சுல்தான்!

மலைக்கு மேற்கே சேலம் சீமை அவருடையது. கிழக்கே உள்ள சீமை ஆற்காடு நவாபுக்கு உரியது. நவாபுக்குத் துணை வெள்ளையர்.

காற்றில் பறந்த ஒப்பந்தம்

திப்பு 1750-ல் தேவனஹள்ளியில் பிறந்தார். தந்தை ஐதர் அலி.

1769-ல் ஐதர் சென்னை வரை படையோடு வந்துவிட்டார். வெள்ளையர் பயந்துபோய் ஒப்பந்தம் செய்தார்கள். ஒருவருக்கு ஆபத்து வந்தால் மற்றவர் உதவ வேண்டும் என்பது நிபந்தனை. பிறகு மராட்டியர் மைசூர்மீது பாய்ந்தார்கள். வெள்ளையர் எட்டிப் பார்க்கவில்லை.

1782-ல், போர் நடக்கும்போதே ஐதர் இறந்தார். திப்பு பட்டத்துக்கு வந்தார். பிரெஞ்சுக்காரர் அவருக்குத் துணை நின்றனர். ஆனால், 1783-ல் பிரான்சும் இங்கிலாந்தும் ஐரோப்பாவில் சமாதானமாகிவிட்டன. செய்தி எட்டியதும் பிரெஞ்சுப் படை விலகிக்கொண்டது. தனித்து நின்ற திப்பு, 1784-ல் மங்களூரில் வெள்ளையரோடு சமாதானம் செய்துகொண்டார்.

வளையாத கோட்டை

1789-ன் முடிவில் அவர் திருவிதாங்கூரைத் தாக்கினார். வெள்ளையர், நிஜாம், மராட்டியர் மூவரும் அவருக்கு எதிராகக் கைகோத்தனர்.

அந்தப் போரில்தான் திப்பு தியாகதுருகம் வந்தார். கோட்டைக் காவலர் காப்டன் பிளிண்ட். முன்பு வந்தவாசிக் கோட்டையை ஐதருக்கு விடாமல் காத்தவர். இங்கேயும் அவர் அசையவில்லை.

திப்பு புதுச்சேரிப் பக்கம் போய், பிரெஞ்சுக்காரரிடம் உதவி கேட்டார். பிரான்சிலோ புரட்சி. அரசரின் நிலையே ஆட்டம் கண்டிருந்தது. உதவி கிடைக்கவில்லை.

பிணையாகப் போன பிள்ளைகள்

1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஒப்பந்தம். பாதி ராஜ்யம் போயிற்று. சேலம் சீமையும் போயிற்று. அபராதம் 3 கோடியே 30 லட்சம் ரூபாய். அதைக் கட்டும்வரை சின்னஞ்சிறு மகன்கள் இருவர் பிணை! தந்தையை விட்டுச் சென்னை சென்ற அந்தப் பிள்ளைகள், 1794-ல்தான் வீடு திரும்பினார்கள்.

வந்து சேராத கடிதம்

1798-ல் நெப்போலியன் எகிப்தில் இறங்கினார். மறு ஆண்டு ஜனவரியில் திப்புவுக்கு நட்புக் கடிதம் எழுதினார். கடிதம் வழியிலேயே வெள்ளையரிடம் சிக்கிவிட்டது.

எட்டாத தூரத்தில் இருந்த நண்பர் வரவில்லை. பக்கத்தில் இருந்த நிஜாமோ எதிரியோடு வந்தார். 1799 மே 4-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. திப்பு சரணடையவில்லை. வாளேந்திப் போரிட்டு மடிந்தார்.

அன்று வெள்ளையர் படையில் ஆர்தர் வெல்லெஸ்லி என்ற அதிகாரி இருந்தார். 16 ஆண்டுகள் கழித்து, வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெலிங்டன் பிரபு அவரேதான்! கடிதத்தால் சேர முடியாத இரண்டு நண்பர்களும், கடைசியில் ஒரே எதிரியைத்தான் சந்தித்தார்கள்.