திண்டிவனம் டிக்கெட் முதல் கடைசி மூச்சு வரை: ரமணரின் வாழ்க்கை சொல்வது என்ன?

1896 ஆகஸ்ட் 29. மதுரையில் வீட்டை விட்டுக் கிளம்பிய 16 வயது வெங்கடராமன், 2 ரூபாய் 13 அணா கொடுத்து திண்டிவனத்துக்கு ரயில் டிக்கெட் எடுத்தார். பழைய அட்லஸில் திருவண்ணாமலைக்குப் பக்கத்து ஸ்டேஷன் அதுதான். ரயிலில் வந்த மௌல்வி ஒருவர், விழுப்புரத்திலேயே மாறலாம் என்றார். அதிகாலை இருட்டில் அங்கே இறங்கினார். மாம்பழப்பட்டு வரை ரயில், பிறகு நடை, திருக்கோவிலூரிலிருந்து மறுபடி ரயில். செப்டம்பர் 1-ல் திருவண்ணாமலை சேர்ந்தார். அவர்தான் ரமண மகரிஷி.

கிளம்பியதற்குச் சில வாரங்கள் முன்பு அவருக்குத் திடீரென மரண பயம் வந்தது. ஓடவில்லை. பிணம் மாதிரி படுத்து, மூச்சை அடக்கி, சாவது யார் என்று யோசித்துப் பார்த்தார். பயம் போய்விட்டது.

கேன்சர் வந்தது

1949-ல் இடது முழங்கை அருகே ஒரு கட்டி. சார்கோமா எனும் புற்றுநோய். அந்த ஒரே ஆண்டில் 4 அறுவை சிகிச்சைகள். கையை எடுக்கலாம் என்ற யோசனையை அவர் ஏற்கவில்லை.

1950 ஏப்ரல் 14 மாலை, மூச்சு வாங்கியது. ஆக்சிஜன் கொடுக்க முயன்ற மருத்துவரைக் கையசைத்துத் தடுத்தார். வெளியே பக்தர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். மூச்சு மெல்ல மெல்ல அடங்கியது. இரவு 8.47-க்கு, அடுத்த மூச்சு வரவில்லை. வயது 70.

மூச்சு ஏன் மாறுகிறது?

நம்ம வீடுகளில் 'மேல்மூச்சு வாங்குது' என்று பதறுவோமே, அதுதான். உடல் அடங்கும்போது, மூச்சைக் கட்டுப்படுத்தும் மூளையின் வேலை தடுமாறும். மூச்சு வேகமாகி, மெலிந்து, சில நொடி நின்று, மறுபடி தொடங்கும். இதற்கு செயின்-ஸ்டோக்ஸ் சுவாசம் என்று பெயர். எச்சிலை விழுங்க முடியாமல் தொண்டையில் 'கொரகொர' சத்தமும் வரலாம். கேட்கும் நமக்குத்தான் பயம். நினைவு மங்கிய நோயாளிக்கு அது பெரும்பாலும் வேதனை தருவதில்லை.

வீட்டில் என்ன செய்யலாம்?

தலையை உயர்த்தி வையுங்கள், அல்லது ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஃபேன் காற்று முகத்தில் படட்டும். உதட்டை ஈரத்துணியால் நனையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறும். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தவருக்கு ஆக்சிஜன் உதவும். கடைசி நேரத்தில் எல்லோருக்கும் அது தேவைப்படாது. மூச்சுத்திணறலுக்கு மார்ஃபின் உண்டு. இரண்டையும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். திடீர் திணறல் என்றால் உடனே அவரைக் கூப்பிடுங்கள். நுரையீரலில் நீர், தொற்று போன்ற சரிசெய்யக்கூடிய காரணமும் இருக்கலாம்.

இந்த அறிகுறிகள் முன்கூட்டியே தெரிந்தால், கடைசி மணி நேரம் ஆம்புலன்ஸ் தேடுவதிலேயே போய்விடாது. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ள நேரம் கிடைக்கும்.